உள்ளங்கை அம்பாசடர்

அத்தியாயம் 4

விருதுநகரில் சுமைராவின் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. தும்முவார்கள். கீழே மிளகாய் வத்தல் கமிஷன் கடை, மேலே ஆபீஸ். மாடிப்படி முழுக்கக் காரம் மிதக்கும். தும்மலை வைத்தே ஆள் உள்ளூரா வெளியூரா என்று சொல்லிவிடலாம் என்பது உதவியாளன் முனியராஜின் கட்சி. உள்ளூர்க்காரன் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான். வெளியூர்க்காரன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் தும்மிக்கொண்டிருப்பான், அவன் கொண்டுவந்த வழக்கில் பாதி மூக்கோடு போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் படியேறி வந்த பெண் தும்மவே இல்லை. தோளில் துணிப்பை, முகத்தில் கொதிப்பு.

"அக்கா, இவுக பயங்கரக் கோவத்துல இருக்காக," என்று முனியராஜ் சுமைராவின் காதைக் கடித்தான். "கோவம் தலைக்கேறிட்டா தும்மல் வராது. எங்க வீட்டுல பாத்திருக்கேன்."

"நீ தள்ளி நில்லு. உன்னப் பாத்தா அது இன்னும் ஏறும்," என்றாள் சுமைரா. நாற்பதைத் தாண்டியவள். பேச்சில் சிக்கனம், கண்ணில் தாராளம். முனியராஜ் அவளிடம் சேர்ந்ததிலிருந்து வாங்கிய திட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு லாரி லோடு தேறும்.

வந்தவள் உட்கார்ந்தாள். "பேரு முஹ்சினா. சிவகாசி. என் வீட்டுக்காரரு காரு காணாமப் போச்சு. நான்தான் திருடுனேன்னு சொல்றாரு. நான் திருடலைன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"காரு போனா போலீசுக்குல்ல போகணும்? நம்பரைச் சொல்லுங்க," என்றான் முனியராஜ்.

"நம்பரெல்லாம் இருக்கு. பூதக்கண்ணாடி வச்சுத்தான் படிக்கணும்." முஹ்சினா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "காரே இம்புட்டுத்தான்."

முனியராஜ் வாயைத் திறந்தான். சுமைரா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். முஹ்சினாவின் கணவன் முகம்மது ரியாஸ், சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற டிசைனர். மற்ற ஆண்கள் கிரிக்கெட், சீட்டு, அரசியல் என்று கெட்டுப்போகிற நேரத்தில் ரியாஸ் குட்டிக் கார்களில் கெட்டுப்போனவன். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. பிளாஸ்டிக் பாகங்களாக டப்பாவில் வருவதைப் பிரித்து, ஒட்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பான். ஒரு கட்டத்தில் டப்பாவில் இருப்பதை அப்படியே ஒட்டுவது அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஜப்பான்காரன் அனுப்பிய ஏதோ ஒரு காரை வெட்டி, நீட்டி, இடைவெளியில் புட்டிப் பசை பூசி இழைத்து, அதை நம்மூர் அம்பாசடராகவே மாற்றிவிட்டான். நாளைக்கு மதுரையில் போட்டி. அம்பாசடரைக் கொண்டுபோய் வைத்தால் பரிசு நிச்சயம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"வெள்ளை டாக்ஸிதான்க்கா. மேல கேரியர், அதுல படுக்கை மூட்டை. சீட்டுக்கு வெள்ளைத் துண்டு விரிச்சிருக்கும், நெசத் துண்டுல வெட்டுனது. பின் பம்பர்ல இழுவைக் கயிறு. பாத்தா ஏறி உக்காந்து அருப்புக்கோட்டைக்கு விடுங்கன்னு சொல்லத் தோணும்." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. கோபமாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது போல உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"எப்பக் காணாமப் போச்சு?"

"நேத்து மத்தியானம். காலையில பிரஸ்ஸுக்குக் கொண்டு போயிருந்தாரு, அங்கன போட்டோ ரூம் இருக்கு, போட்டிக்குப் படம் எடுக்க. நான் சோறு கொண்டு போனேன். மெசின்ல கலர் ஏறலைன்னு அவரக் கீழ கூப்பிட்டாக. போனவரு வரவே இல்ல. நானும் எம்புட்டு நேரம் தனியா உக்காந்திருக்கிறது? தூக்குவாளிய வச்சுட்டு வந்துட்டேன். அவரு வந்து பாத்தா தூக்குவாளி இருக்கு, வண்டி இல்ல."

"அதுக்கு உங்கள ஏன் சொல்லணும்?"

முஹ்சினா தலையைக் குனிந்தாள். "வீடே பெயிண்ட் நாத்தம்க்கா. ஒருநா இதெல்லாம் நசுக்கிப் போட்டுருவேன்னு சொன்னது நெசந்தான். வாய்ல சொல்றதுதான். நான் அதத் தொடவே இல்ல."

"சத்தியமா?" என்றான் முனியராஜ்.

"சத்தியமெல்லாம் எதுக்குங்க," என்று அவசரமாக அவனை மடக்கிவிட்டு அவள் சுமைராவைப் பார்த்தாள். "ஊரறியத் திருடின்னுட்டாரு. அப்படிச் சொன்ன மனுசனுக்கு நான் எப்படிக்கா சோறு போடுவேன்? சாயங்காலத்துக்குள்ள நீங்க கண்டுபிடிச்சா இருப்பேன். இல்லைன்னா அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன். திரும்பி வாரதா இல்ல."

தோளில் கிடந்த துணிப்பைக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. முனியராஜ் வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கினான்.

*

சுமைராவின் கார் நிஜ அளவுக் கார்தான் என்றாலும், அதைவிட ரியாஸின் கார் நன்றாக ஓடும் என்று முனியராஜுக்கு ஒரு சந்தேகம் உண்டு. திருத்தங்கல் வருவதற்குள் அது இரண்டு முறை இருமிவிட்டது.

அச்சகத்து மாடியில் போட்டோ அறை. ஒரு சுவரில் நீலத் துணி, அதன் முன்னால் மேஜை, இரண்டு பக்கமும் விளக்கு. மேஜைமேல் ஒரு சிவப்புப் பந்தயக் கார் மட்டும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது, அதுவும் ரியாஸ் கட்டியதுதான். பக்கத்தில் இன்னொரு மேஜை, துடைத்து வைத்தாற்போல் காலி.

ரியாஸ் மெலிந்த ஆள். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. மனைவி உள்ளே வந்ததும் அவன் விளக்கைப் பார்த்தான், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்புட்டு வேலைங்க அதுல," என்றான் சுமைராவிடம். "ஹெட்லைட்டுக்குள்ள சாக்லேட் தாளு. கேரியர் செம்புக் கம்பி. இதப் பாருங்க, நேத்துக் காலையில எடுத்தது." செல்போனை நீட்டினான். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரிசையாகப் படங்கள். சுமைரா பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் அதிலேயே நின்றாள்.

"இருபத்து நாலுல ஒரு பங்கு," என்று முனியராஜ் வியந்தான். "எங்க ஆத்தா ஆப்பிள இந்தக் கணக்குலதான் நறுக்கும்."

"ரியாஸ், இந்தச் செவப்பு வண்டி நேத்தும் இங்கனதான் இருந்துச்சா?" சுமைரா கேட்டாள்.

"ஆமா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல."

"முனி, நீ திருடன்னா எத எடுப்ப?"

"செவப்புதான்க்கா. அம்பாசடர எடுத்தா வெளிய போயி என்னன்னு பெருமையடிக்கிறது?"

"எடுத்தவனுக்குச் செவப்பு கண்ணுலயே படல பாத்தியா. கோவத்துல நசுக்க வந்தவளா இருந்தாலும் ரெண்டையுந்தான் நசுக்கியிருப்பா. கோவத்துக்குக் கலர் பாக்கத் தெரியாது." அவள் காலி மேஜையைத் தட்டினாள். "இது எப்பவும் இப்படித்தான் காலியா கெடக்குமா?"

"இல்லங்க. நேத்து அதுல புது சீசன் சாம்பிள் நெறஞ்சு கெடந்துச்சு. வெம்பக்கோட்டைக் கம்பெனிச் சரக்கு. லேபிளுக்குப் படம் எடுக்க வாரது. மருந்து இல்லாத வெறுங்கூடு, திரி மட்டும் நெசம். ஹெலிகாப்டர், மயிலு, தேரு, டைனோசரு..." ரியாஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒரு குரல் கத்தியது. "ரியாசு! மறுபடி மஞ்ச ஏறல!" தலையில் அடித்துக்கொண்டு அவன் இறங்கி ஓடினான்.

"பாத்தீகளாக்கா? நேத்தும் இதே கதைதான்," என்றாள் முஹ்சினா.

அடுத்த அறையில் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டிக்கு ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தாள் பானுப்பிரியா. சுமைரா அவளைக் கூப்பிட்டாள். "நேத்து மத்தியானம் இந்த ரூமுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலங்களே," என்றாள் பானுப்பிரியா. "இவுக வந்துட்டுப் போனாக. அம்புட்டுத்தான்."

"அப்ப இந்த மேசையில இருந்த ஹெலிகாப்டரெல்லாம் தானா பறந்து போச்சா?"

"அய்ய, அது இருளாண்டி அண்ணன் வந்து எடுத்துட்டுப் போனாரு. கம்பெனி ஆளு, வாராவாரம் வாரவருதான்." அந்த அறையின் கணக்கில் இருளாண்டி மின்விசிறியைப் போல, எண்ணிக்கையில் வராத ஆள். "அவரு சரக்க மட்டுந்தான் எடுப்பாரு. அடுத்தவுக பொருள் ஒரு குண்டூசியக்கூடத் தொட மாட்டாரு."

"இங்கன பொம்மை இருக்கு, பூச்சாடி இருக்கு, ரியாஸோட காரு இருக்கு. எது தன் சரக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பானுப்பிரியா இதென்ன கேள்வி என்பதுபோல் சிரித்தாள். "அதுல என்ன இருக்கு? அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பாரு. திரி இருக்கிறதெல்லாம் எங்க சரக்கு, திரி இல்லாததெல்லாம் உங்க சரக்குன்னுவாரு. இதுவரைக்கும் தப்புனதே இல்ல."

சுமைரா மெதுவாகத் திரும்பி முஹ்சினாவைப் பார்த்தாள். முஹ்சினாவின் முகத்தில் அதுவரை நின்ற கோபம் முழுக்க வடிந்து, இப்போது வெறும் பயம் இருந்தது. முனியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இருளாண்டிக்குப் போன் போடு," என்றாள் சுமைரா.

"எடுக்க மாட்டாருங்க. மருந்து இருக்கிற எடம், கேட்டுலயே போன வாங்கி வச்சிருவாக. அதோட இன்னைக்கு வடக்க இருந்து டீலருக வந்திருக்காக. புதுச் சரக்கெல்லாம் மைதானத்துல கொளுத்திக் காட்டுறாகளாம்."

"கொளுத்தியா?" என்று முஹ்சினா அலறிய அலறலில் கீழே மஞ்சள் ஏறாமல் நின்ற மெஷின்கூட ஒரு நொடி அடங்கியது.

*

கீழே மெஷினருகில் நின்ற ரியாஸையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கார் மேற்கே வெம்பக்கோட்டைக்குப் பறந்தது. பறந்தது என்றால் சுமைராவின் கார் பறக்கிற மாதிரி. ஒரு டவுன் பஸ் அவர்களை முந்திக்கொண்டு போனது.

"இருளாண்டி எடுத்துட்டுப் போனாரா? என் காரையா? அதுக்கு ஏதுங்க திரி?" ரியாஸ் பின் சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தான். பக்கத்தில் முஹ்சினா துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதானக்கா, அம்பாசடருக்கு ஏது திரி?" என்றான் முனியராஜும்.

"ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டு."

கம்பெனி வாசலில் செல்போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். முனியராஜின் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். "எங்கிட்ட வாய் ஒண்ணுதான்யா பத்திக்கிற சாமான்," என்றான் அவன். காவலாளி சிரிக்கவில்லை. இந்த ஊரில் அந்த ஜோக் அன்றாடம் வரும் போலிருக்கிறது.

ஷெட்டுகளை எல்லாம் தாண்டி, தள்ளி ஒரு பொட்டல். பந்தல் நிழலில் வெளியூர் வியாபாரிகள் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு மேடை. அதன்மேல், பளிச்சென்ற வெயிலில், கேரியரில் படுக்கை மூட்டையோடு நின்றது வெள்ளை அம்பாசடர். பின் பம்பரில் முடிச்சுப் போட்டு, பச்சை நிறத்தில் ஒரு கயிறு தொங்கியது.

கயிறா அது? முனியராஜ் பட்டாசு மண்ணில் பிறந்தவன். அது திரி. அசல் பட்டாசுத் திரி.

மேடைக்கு ஏறுவதற்கு முன் அந்த அம்பாசடர் பட்ட பாடு தனிக் கதை. முதலாளி சிவபாண்டி அதைக் கண்டதும் அசந்துபோய், இது நம் ஃபோர்மேன் கைவேலை, நம்மிடம் சொல்லாமல் செய்திருக்கிறான் என்று நினைத்தார். ஃபோர்மேன், முதலாளி எங்கேயோ வெளியில் செய்து வாங்கி வந்த ரகசிய ரகம் என்று நினைத்தான். தெரியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "பிரமாதம்யா" என்று அவர் சொல்ல, "எல்லாம் உங்க யோசனைதானே மொதலாளி" என்று இவன் சொல்ல, அப்படியே வண்டி மைதானம் வரை வந்துவிட்டது. மற்ற சாம்பிள்களுக்கெல்லாம் மருந்து போட்ட ஜோடி தயாராக இருந்தது. காருக்கு மட்டும் ஜோடி இல்லை. நாக்பூர் வியாபாரி ஒருவர் மட்டும் விடுவதாக இல்லை. வருஷா வருஷம் வந்துபோய்ப் பழகிய தமிழில், "அந்தக் கார் பாக்கணும். அது பாக்காம ஆர்டர் கிடையாது," என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டார். உள்ளே மருந்து இருக்கும் என்று ஒருவரை ஒருவர் நம்பி, அந்தக் காரையே மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைச் செருகிக்கொண்டு இருளாண்டி குனிந்தார்.

"இருளாண்டிண்ணே! நிறுத்துங்க!" ரியாஸ் கத்தினான். கத்தினானே தவிர அவன் கால் நகரவில்லை. அவ்வளவு நாள் உழைப்பு எரியப்போவதைப் பார்க்கிறவனுக்குக் கால் வராது, பாவம்.

இருளாண்டி நிமிர்ந்தார். ஊதுபத்தி அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது. சுர்ரென்று பொறி கிளம்பித் திரியில் ஏறியது.

முனியராஜின் தோளை இடித்துக்கொண்டு யாரோ ஓடினார்கள். முஹ்சினா. துணிப்பை ஒரு பக்கம் பறந்தது, செருப்பு ஒரு பக்கம் பறந்தது. "யாரும்மா அது! கிட்டப் போகாத!" என்று ஃபோர்மேன் பாய்வதற்குள் அவள் மேடையை எட்டிவிட்டாள். இடது கையால் காரை அமுக்கி, வலது கையால் திரியைப் பிடித்து ஒரே இழுப்பு. திரி வந்தது, கூடவே பின் பம்பரும் வந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் இரண்டையும் சேர்த்து எறிந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பந்தலில் ஒரே ஒரு கைத்தட்டல். நாக்பூர் வியாபாரி எழுந்து நின்றிருந்தார். "ஜோர்! ரொம்ப ஜோர்! ஆனா கடைசியிலே ஓடி வர அந்த அம்மா பெட்டியிலே சேந்து வருமா?"

"அதுக்கு நீங்க தனியா நிக்கா பண்ணணும் சேட்டு," என்றான் முனியராஜ்.

ரியாஸ் தள்ளாடி வந்து காரைக் கையில் வாங்கினான். கண்ணாடி, கேரியர், கதவு என்று தடவித் தடவிப் பார்த்தான். எல்லாம் இருந்தது. பின்னால் மட்டும் மொட்டை. வாளிக்குள் கைவிட்டுப் பம்பரை எடுத்தவன், அதில் தொங்கியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"என் வண்டியில கயிறே கெடையாதே. இதக் கட்டுனது யாரு?"

சுமைரா வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று ஆராய்கிறவள் மாதிரி அவ்வளவு அக்கறை.

"நான்தான்," என்றாள் முஹ்சினா.

"நீயா?"

"நேத்து நீங்க வரவே இல்ல. நானும் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எல்லாம் இருக்கு, பின்னாடி மட்டும் என்னமோ கொறையுற மாதிரி இருந்துச்சு. நாலூரு சுத்துற பழைய டாக்ஸின்னா ஒரு இழுவைக் கயிறு கெடக்கணும்ல மச்சான்? மேசைக்குக் கீழ இந்தத் திரித் துண்டு கெடந்துச்சு. கயிறு மாதிரியே இருந்துச்சு. கட்டிட்டேன்."

"தொடவே இல்லைன்னு சொன்னியே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீக?" அவள் குரல் உடைந்தது. "கட்டுனியான்னா கேட்டீக? திருடுனியான்னுல்ல கேட்டீக. வருசக்கணக்கா நீங்க ஒட்டுறீக, நான் பக்கத்துல இருந்து பாக்குறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இந்தா முஹ்சி, இத நீ ஒட்டுன்னு குடுத்திருக்கீகளா? நாத்தம் நாத்தம்னு நான் கத்துனது பெயிண்டுக்கா? உங்களுக்குப் பக்கத்துல நான் ஒருத்தி இருக்கேன்னு தெரியட்டும்னு கத்துனேன்."

ரியாஸ் அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினான். இரண்டு விரல் நுனியில் சிவந்திருந்தது. "மன்னிச்சிரு முஹ்சி," என்றான். சுற்றிலும் முதலாளி, ஃபோர்மேன், வியாபாரிகள் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதையே மறந்து சத்தமாகச் சொன்னான். "ஊரறியச் சொன்னேன், ஊரறியவே கேக்குறேன். நான் பேசுனது தப்பு."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இருளாண்டி மட்டும் விசனமாக நின்றார். "திரி இருந்துச்சேய்யா," என்றார் யாரிடமோ.

*

வாசலுக்கு நடக்கும்போது முனியராஜ் சுமைராவை ஓரங்கட்டினான். "எப்பக்கா தெரிஞ்சது?"

"பின் பம்பர்ல கயிறுன்னு காலையில அவ வாயாலயே சொன்னா. நேத்துக் காலைப் படத்துல பம்பர் வெறுசா இருக்கு. வீட்டுக்காரனே பாக்காத கயிறு இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அப்ப நம்ம கிட்ட பொய் சொல்லிருக்காக. அங்கனயே போட்டு உடைச்சிருக்கலாம்ல?"

"திருடலைன்னு நிரூபிங்கன்னுதானே வந்தா. தொடலைன்னு நிரூபிக்க நமக்கு ஆர்டரே வரலியே."

காவலாளி பெட்டியைத் திறந்து செல்போன்களைத் திருப்பிக் கொடுத்தான். முஹ்சினாவின் போன் கைக்கு வந்த நொடியே அடித்தது. அருப்புக்கோட்டை அம்மா. எட்ட நின்ற முனியராஜுக்கே கேட்கிற குரல்.

"எத்தனை தடவைடி அடிக்கிறது? பஸ் ஏறிட்டியா இல்லையா?"

ரியாஸ் காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனைவியின் வாயையே பார்த்தான். மன்னிப்புக் கேட்டாயிற்று. அது போதுமா போதாதா என்று அவனுக்குத் தெரியாது. மைதானத்தில் பறந்து விழுந்த துணிப்பை மறுபடி அவள் தோளில் ஏறியிருந்தது.

முஹ்சினா அவனைப் பார்த்தாள். அவன் கையில் பின்புறம் மொட்டையாக இருந்த வண்டியைப் பார்த்தாள். துணிப்பையைக் கழற்றி அவன் தோளில் மாட்டிவிட்டு, காரைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"வரலம்மா, வேலை கெடக்கு," என்றாள் போனில். "பின் பம்பர் பேந்துபோச்சு. நாளைக்கு மதுரைக்குக் கொண்டு போகணும்ல, இன்னைக்குள்ள நான்தான் ஒட்டணும்."